இடிப்பதற்கு முன் கட்டுங்கள்: போர்க்காலத் தெருவுக்கு ஒரு கடைவீடு

டாங்கி கிட் ஒன்றை ஒட்டி, சாயம் பூசி, அலமாரியில் வைத்தவர்களுக்கு இரண்டாம் வாரமே ஒரு குறை தோன்றும். டாங்கி வெறும் கண்ணாடித் தட்டில் நிற்கிறது. அதற்கு ஒரு தெரு வேண்டும். தேடிப் போனால் பெட்டிகளில் கிடைப்பவை பெரும்பாலும் பிரெஞ்சுக் கிராமத்து வீடும் ஜெர்மன் நகரத்து மூலையும்தான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வளர்ந்த எனக்கு அவை ஒட்டவே இல்லை. ஜப்பானிய டாங்கியை நார்மண்டி வீட்டு வாசலில் நிறுத்தினால், வேட்டி கட்டியவரைப் பனியில் நிற்கவைத்ததுபோல் இருக்கிறது.

ஆகவே கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் நம் ஊர்க் கடைவீட்டை நாமே கட்டுவோம். கட்டர் பிடிக்கவும் பசை தடவவும் தெரியும், ஆனால் மாதிரிக் கட்டடம் எதையும் செய்து பார்த்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ4 தாள் அளவுப் பலகையில் ஒட்டி நிற்கும் இரண்டு கடைவீடுகள்: ஒன்று தப்பியது, மற்றது குண்டு விழுந்தது. வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்தால் இரண்டு மாதம் பிடிக்கும். புதியவர்கள் அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு, நேரே இடிந்த வீட்டைச் செய்யப் பார்ப்பது. முழு வீட்டைக் கட்டுங்கள், அப்புறம் இடியுங்கள். ஏன் என்பது இடிக்கும் இடத்துக்கு வரும்போது புரியும்.

எந்த நாள், எந்தத் தெரு

‘போர்க்காலம்’ என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் தெரு தேறாது. நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியரின் முதல் குண்டுகள் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் விழுந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் இறந்தார்கள். அந்தக் காலைப் பொழுதைக் காட்டுவதென்றால், தெரு மொத்தமும் ஒழுங்காக இருக்கும். ஒரே ஒரு வீடு மட்டும் வாய் பிளந்து நிற்கும். 1942 பிப்ரவரி இரண்டாம் வாரம் வேறு: நாள் முழுக்கக் குண்டு, பீரங்கி, எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த கரும்புகை, எங்கும் இடிபாடு. 15ஆம் தேதி மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த பிறகு அதே தெருவில் ஜப்பானியக் கொடி. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தபோதோ, தெருவில் இடிபாடே தேவையில்லை. நம் பெண்கள் சீருடையில் நடந்துபோனால் போதும். அதையும் யாராவது செய்தால் நன்றாக இருக்கும்.

நாள் முடிவானால் மற்றவை தாமாக முடிவாகும். 1942இல் சிங்கப்பூரில் டிராம் இல்லை, 1927இலேயே நின்றுவிட்டது, தண்டவாளம் போடாதீர்கள். அதற்குப் பதில் வந்த டிராலி பஸ் ஓடிய சாலை என்றால் தலைக்கு மேல் இரட்டை மின்கம்பி போகும். ஆள் இழுக்கும் ரிக்‌ஷா அப்போது இருந்தது. 1947இல்தான் தடை செய்தார்கள். கடைச் சுவரில் ஆக்கிரமிப்புக் கால நாள்காட்டி தொங்கவிட்டால் ஆண்டு 1942 என்று இருக்காது, ஜப்பானியக் கணக்கில் 2602.

கணக்கு

போர் மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவு 1/35. 1/72 இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஜன்னல் சட்டத்தை நறுக்கக் கண் வேண்டும். முதல் முறைக்கு 1/35 போதும். உண்மையான அளவை மில்லிமீட்டரில் எழுதி 35ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கடைவீட்டின் முகப்பு பதினாறு அடி என்று வைத்துக்கொள்வோம். 4,877ஐ 35ஆல் வகுத்தால் 139 மி.மீ. இரண்டு வீடு 278. ஏ4 தாளின் நீளம் 297. ஓரத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து இரண்டும் அழகாக உட்கார்ந்துவிடும். அஞ்சடி நடைபாதை 1,524ஐ வகுத்தால் 43.5 மி.மீ. கீழ்த்தளம் பன்னிரண்டு அடி உயரம் என்றால் 104 மி.மீ., மாடி பதினோரு அடிக்கு 96. ஆள் உயரம் 48 அல்லது 49.

ஆழத்தில்தான் தவறு நடக்கும். கடைவீடு முகப்பில் குறுகலாகவும் பின்னால் மிக நீளமாகவும் இருக்கும். இருபது மீட்டர் நீளத்தை அப்படியே செய்தால் 571 மி.மீ. வரும். எச்.டி.பி அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பது? முகப்பும் அதன் பின்னால் 35 மி.மீ. அறையும் மட்டும் செய்வோம். மீதி: அஞ்சடிக்கு 44, லோங்காங்குக்கு (சாலையோரச் சாக்கடைக்கு) 25, சாலைக்கு 106. மொத்தம் 210, ஏ4 தாளின் அகலம்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஜப்பானியர்களின் 97ஆம் ரக சீ-ஹா டாங்கி 5.5 மீட்டர் நீளம். 1/35இல் 157 மி.மீ. அதாவது ஒரு கடைவீட்டு முகப்பைவிட டாங்கி நீளம். கணக்குப் போடும் வரை எனக்கு இது உறைத்ததே இல்லை. தெருவில் அது நுழைந்தபோது ஒரு குடும்பத்தின் வாசல் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றிருக்கும்.

போய்ப் பார்த்து அளந்து வாருங்கள்

நமக்கு இருக்கும் வசதி, மூலம் பக்கத்திலேயே இருப்பது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை போகாதீர்கள், நிற்கக்கூட இடம் கிடைக்காது. வார நாள் காலையில் ஓர் அளவு நாடாவோடு போய் தூணின் அகலம், படிக்கல்லின் உயரம், கதவின் உயரம் மூன்றையும் அளங்கள். மாடியை அளக்க முடியாது. நண்பரைத் தூண் ஓரமாக நிறுத்தி, எதிர்ச் சாரியிலிருந்து நேராகப் படம் எடுங்கள். அவர் உயரம் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும்.

ஆனால் இன்று கண்ணில் படுவதை அப்படியே நம்பக் கூடாது. இழுத்து மூடும் இரும்புக் கதவு, ஏர்கான் பெட்டி, பிளாஸ்டிக் பலகை எல்லாம் பிறகு வந்தவை. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று இப்போது அடிக்கும் சாயம் சுற்றுலாப் பயணிக்கானது. குண்டு விழுந்த நாட்களில் பலர் தஞ்சம் புகுந்த வீரமாகாளியம்மன் கோயிலைப் பின்னணியில் வைக்க ஆசை வரும். இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1980களில் கட்டியது. பழைய தோற்றத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் படங்களைப் பாருங்கள். போருக்கு முந்தைய கட்டட வரைபடங்களும் அங்கே இருக்கின்றன. ஒரு கடைவீட்டின் வரைபடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மைலோ பெட்டியில் ஒத்திகை

நல்ல பொருளில் கை வைக்கும் முன் பழைய மைலோ பெட்டி, தானியப் பெட்டி அட்டைகளை வெட்டி, செல்லோடேப் ஒட்டி, மொத்தத்தையும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அரை மணி நேர வேலை. டாங்கியை வையுங்கள், ஒரு பொம்மை ஆளை அஞ்சடியில் வையுங்கள், குனிந்து ஆளின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். என் முதல் தெருவில் இந்த ஒத்திகையைத் தவிர்த்தேன். தூண்களுக்கு நடுவில் ஆள் நுழையவே இடமில்லை என்பது சாயம் காய்ந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டு முகப்பைப் பலகையின் ஓரத்துக்குச் சரியாக இணையாக வைக்காமல் ஐந்தாறு பாகை திருப்பி வைத்தால் தெரு உயிரோடு இருக்கும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஏ4 கணக்கு உதைக்கும். அடுத்த தெருவில் செய்து பாருங்கள்.

சாமான்கள்

எக்ஸ்பிஎஸ் எனப்படும் அடர்த்தியான ஃபோம் பலகை, 5 மி.மீ. ஒன்றும் 10 மி.மீ. ஒன்றும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட் போன்ற ஓவியப் பொருள் கடையில் தேடலாம். கிடைக்காவிட்டால் இரு பக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டை வாங்கி, நனைத்துத் தாளை உரித்துவிடுங்கள். வெள்ளைப் பசை, சுவர் ஓட்டை அடைக்கும் ஃபில்லர், காப்பி கலக்கும் மரக்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, சாத்தே குச்சி, அக்ரிலிக் சாயம், கட்டர், இரும்பு அளவுகோல். கட்டர் அலகை மட்டும் தாராளமாக மாற்றுங்கள். மழுங்கிய அலகு ஃபோமை வெட்டாது, பிய்க்கும்.

ஸ்பிரே சாயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். ஒரு சனிக்கிழமை முழுக்கச் செங்கல் கீறிய சுவரைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப்போய் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். கண் முன்னாலேயே ஆப்பம் போல் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேறு நாற்றம் என்று கதவைச் சாத்தினார். கறுப்பு அக்ரிலிக்கோடு வெள்ளைப் பசை கலந்து தூரிகையால் பூசுங்கள். அதுவே முதல் பூச்சு, அதுவே கவசம்.

சுவர்

சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம். அந்தச் சுண்ணாம்புதான் கடைவீட்டுத் தோல். அந்தக் காலத்து மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேரும். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் பூசியதும் அதுவே. பழமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுண்ணாம்புப் பூச்சு சிமெண்டு போல் மயிரிழையாக வெடிக்காது. ஈரம் குடித்து, உப்பி, தட்டுத் தட்டாகப் பெயரும். பெயர்ந்த ஓரம் தடிப்பாகத் தெரியும். அதைத்தான் நாம் காட்ட வேண்டும்.

முகப்புச் சுவர் ஒன்பது அங்குலத் தடிப்பு என்றால் 1/35இல் 6.5 மி.மீ. ஐந்து மி.மீ. ஃபோமின் மேல் ஒரு மி.மீ. ஃபில்லர் பூசினால் ஏறக்குறைய வந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் தடிப்பானது. அதற்கு 10 மி.மீ. பலகை.

முதலில் பூச்சு எங்கெல்லாம் பெயர்ந்திருக்கும் என்று பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். தூணின் அடி, ஜன்னலின் கீழ் மூலை, மழைநீர்க் குழாய் ஓரம். அந்த இடங்களில் மட்டும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திச் செங்கல் கீறுங்கள்: ஒரு கல் 6.5 மி.மீ. நீளம், 2.2 மி.மீ. உயரம். மேல் வரியின் இணைப்பும் கீழ் வரியின் இணைப்பும் நேர்கோட்டில் வரக் கூடாது. முழுச் சுவரிலும் கீறாதீர்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, கையும் வலிக்கும். பிறகு செங்கல் இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் ஃபில்லரைத் தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள். சந்திக்கும் ஓரத்தை வழிக்காமல் விட்டால் அதுவே பெயர்ந்த விளிம்பு.

நம் ஊர் ஈரத்தில் இது காய ஒரு முழு நாள் ஆகும், டிசம்பர் மழையில் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை அப்பளம் போல் வளையும். பின்பக்கமும் வெள்ளைப் பசை தடவிக் கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். மிஞ்சிய ஃபில்லரைக் கழுவு தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய் அடைத்தால் பிளம்பர் வருவார், உங்கள் பொழுதுபோக்குக்கு அன்றோடு வீட்டில் தடை.

அஞ்சடியும் லோங்காங்கும்

கடைவீட்டின் கீழ்த்தளம் பின்வாங்கி நிற்கும். மாடி முன்னால் வந்து தூண்களின் மேல் உட்காரும். நடுவில் கிடைக்கும் நிழல்தான் அஞ்சடி. ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டம் தொட்டு வரும் விதி அது. மாதிரியிலும் அந்த நிழல் இருந்தால் சிங்கப்பூர், இல்லாவிட்டால் ஏதோ ஒரு தெரு. தூண்கள் 13 மி.மீ. கனம். அஞ்சடித் தரை சாலையைவிடச் சற்று உயரம், பக்கத்து வீட்டோடும் சமமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு மி.மீ. ஏற்ற இறக்கம் வையுங்கள். உள்கூரைக்கு அடியில் கையெட்டாது, ஆகவே மாடியை ஒட்டும் முன்பே அங்கே சாயம் பூசி முடித்துவிடுங்கள்.

லோங்காங் ஆழமாகவே இருக்கட்டும், 20 மி.மீ. வரை. குண்டு விழும்போது ஆட்கள் பதுங்கிய இடம் அது. கடைக்குப் போக மேலே பலகையோ கல்லோ போட்டிருப்பார்கள். அடியில் பளபளக்கும் வார்னிஷ் இரண்டு கை பூசினால் தண்ணீர். நிஜத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: டெங்கிச் சோதனைக்கு வருகிறவர்களிடம் 1/35 என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு ஜன்னல்

கூரைக்கு நீளமாகச் சொல்ல மாட்டேன், ஜன்னலுக்குச் சொல்வேன். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

மாடி ஜன்னல் தரை வரை நீண்ட இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவும் 60 மி.மீ. உயரம், 13 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பிக் குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால் சட்டத்துக்கு ஆகும். இரண்டு நெட்டுக்கட்டைகள், மேல், நடு, கீழ் என்று மூன்று குறுக்குக்கட்டைகள். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தை மேலே வைத்து மேசையில் ஒட்டி, அதன் மேல் அடுக்கினால் நகராது. சாய்வுப் பட்டைகளுக்குக் கெட்டித் தாள், 3 மி.மீ. அகலக் கீற்றுகளாக. மேலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றும் முந்தியதின் மேல் ஒரு மி.மீ. ஏறும்படி சட்டத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒரு கதவுக்கு இருபத்தைந்து கீற்றாவது வரும். முதல் கதவுக்கு ஒரு மணி நேரம் ஆகும், நாலாவதுக்குப் பதினைந்து நிமிடம். இரண்டு மூன்று கீற்றுகளை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். எல்லாக் கதவையும் ஒரே மாதிரி மூடாதீர்கள்; ஒன்றைப் பாதி திறந்து, ஒரு துணியைக் காயப்போடுங்கள். பசைத் தண்ணீரில் நனைத்த டிஷ்யூ தாள் நல்ல துணி.

கீழே கடை வாசலுக்கு அடுக்குப் பலகைகள். மாலையில் ஒவ்வொன்றாகச் செருகி மூடுவார்கள். ஐஸ்கிரீம் குச்சியே போதும். ஓரிரு பலகைகளைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

கூரை: சாத்தே குச்சியின் மேல் கெட்டித் தாளை வைத்து அழுத்தி அரைவட்ட ஓடு செய்து, ஒரு வரி மல்லாத்தியும் அடுத்த வரி கவிழ்த்தும் ஒட்ட வேண்டும். முன்பக்கம் தெரியும் நாலைந்து வரிகள் மட்டும் போதும். பொறுமை இல்லாதவர்கள் நெளி அட்டையின் ஒரு பக்கத் தாளை உரித்து ஒட்டிவிட்டு, உடையப்போகும் இடத்தில் மட்டும் தனி ஓடு வைக்கலாம். நான் இரண்டாவது வகை.

சாயம்

சுண்ணாம்பு வெள்ளை, நீலம் கலந்த வெளிர்நீலம், மங்கிய மஞ்சள். இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். சாயத்தை ஒரே கையாகப் பூசாமல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி ஒற்றுங்கள். கீழே இருக்கும் பழைய நிறம் அங்கங்கே தெரிய வேண்டும். அது காய்ந்ததும் கறுப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த சாயத்தை இடுக்குகளில் ஓடவிடுங்கள். ஐரோப்பிய வழிகாட்டிகள் இத்தோடு நிறுத்திவிடும். நம் ஊரில் பாசி உண்டு: ஜன்னல் விளிம்புக்குக் கீழே கரும்பச்சைக் கோடுகள், தூணின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு, அதாவது 6 மி.மீ.க்கு, மழை தெறித்த சேற்றுக் கறை. கடைசியில் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறம் எடுத்து மேடுகளை மட்டும் தடவுங்கள்.

முகப்பில் பூ ஓடுகள் பதித்த பணக்கார வீடாக இருந்தால், படத்தைச் சிறிதாக அச்செடுத்து ஒட்டி மேலே வார்னிஷ் பூசுங்கள். அந்த ஓடுகளில் பல போருக்கு முன் ஜப்பானிலிருந்தே வந்தவை.

வெற்றிலைக் கடைப் பலகை

கடை என்றால் பெயர்ப் பலகை வேண்டும். தமிழில் ‘வெற்றிலை பாக்குக் கடை’ என்று கணினியில் அடித்து, அச்செடுத்து, பழுப்பேற்றி ஒட்டினேன். எனக்கு ரொம்பப் பெருமை. எங்கள் புளோக்கின் கீழே உட்காரும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது எந்த வருஷம்?”

“நாப்பத்திரண்டு, ஐயா.”

“அப்போ இந்த ‘லை’ எங்கேருந்து வந்துச்சு?”

தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போல் வளைந்த கொக்கியோடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் ஒரே சுழியாக. நான் பள்ளியில் படித்தது புதிய எழுத்து, கண்ணுக்கு எதுவும் உறுத்தவில்லை. அவர் என் பேனாவை வாங்கி, பலகையின் பின்பக்கத்தில் பழைய ‘லை’யை ஒரே இழுப்பில் எழுதிக் காட்டினார். அதைப் பார்த்து, பெரிதாக வரைந்து, படம் எடுத்துச் சிறிதாக்கி ஒட்டினேன். அந்த நாள் தமிழ் முரசுப் பக்கங்கள் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் இருக்கின்றன. விளம்பர எழுத்து எப்படி இருந்தது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்குச் சீனப் பலகை என்றால் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.

இடித்தல்

இப்போது இரண்டு முழு வீடுகள் நிற்கின்றன. மனசு வராது. ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

கடைவீட்டின் எலும்பு இரு பக்கச் சுவர்கள். உத்திரங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகின்றன. முகப்பு பாரம் அதிகம் தாங்காத முகம். கூரையைத் துளைத்து உள்ளே வெடித்தால் ஓடும் மாடித் தரையும் கீழே போகும், முகப்பு தெருப்பக்கம் சரியும், பக்கச் சுவர்கள் ரம்பப்பல் போல் நிற்கும். நடுச்சுவர் நின்றால்தான் பக்கத்து வீடு தப்பியது நம்பும்படி இருக்கும். புதியவர்கள் சுவரின் மேல் விளிம்பை மட்டும் கோணல்மாணலாக வெட்டிவிட்டு இடிந்த வீடு என்பார்கள். அது கடித்து வைத்த ரொட்டி போல்தான் இருக்கும்.

இடிக்கக் கட்டரை எடுக்காதீர்கள். பின்பக்கம் லேசாகக் கீறிவிட்டு, கையால் ஒடியுங்கள். ஒடிந்த விளிம்பில் செங்கல் செங்கலாகப் படி தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் சிறு கட்டரால் படி எடுங்கள். கீழே விழுந்த ஒவ்வொரு துண்டையும் ஒரு டப்பாவில் சேருங்கள், ஒரு துகள்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது. சுவரில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கீழே கிடக்க வேண்டும். முழுதாகக் கட்டச் சொன்னது இதற்குத்தான்: சாயம் பூசிய, ஜன்னல் வைத்த, அதே வீட்டின் துண்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன. கடையில் வாங்கிய கல்குவியல் இந்த வீட்டுடையதாக ஒருபோதும் தெரியாது.

அப்புறம் வெளியே தெரியவந்த நடுச்சுவரைப் பாருங்கள். இதுவரை அது ஒரு வீட்டின் உட்புறம். கீழ்த்தளத்துக்கு ஒரு நிறம், மாடிக்கு வேறு நிறம் பூசுங்கள்; நடுவில் தரை இருந்த இடம் பூச்சில்லாத ஒரு பட்டையாக ஓடும். அந்தப் பட்டையில் 13 மி.மீ.க்கு ஒன்றாக உத்திரம் செருகியிருந்த சதுர ஓட்டைகள். ஒன்றிரண்டில் கரிந்த கட்டை நீட்டிக்கொண்டிருக்கட்டும். மாடிப்படி ஏறிய இடத்தில் சாய்வாக ஒரு அழுக்குக் கோடு. நான் மாடிச் சுவரில் ஒரு விரல் நகம் அளவு மாடம் குடைந்து, உள்ளே விளக்குப் புகை படிந்த கறுப்பை மட்டும் வைத்தேன். சாமி படம் வைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் டாங்கியை ஒரு நிமிடம் பார்க்கிறார்கள், பிறகு அந்த மாடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

குவியலை இப்படி அடுக்குங்கள். உள்ளே ஃபோம் துண்டால் ஒரு மேடு. அதன் மேல் பெரிய சுவர்த் துண்டுகள். அவற்றின் இடையே சாய்ந்து செருகிய உத்திரங்கள். பிறகு செங்கல், ஓடு, கடைசியில் பொடி. மரக்குச்சியை வெட்டாமல் முறியுங்கள். குவியல் சுவரோரம் உயர்ந்தும் தெருப்பக்கம் தாழ்ந்தும் சரிய வேண்டும், லோங்காங்கிலும் கொஞ்சம் விழட்டும். பசைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து சொட்டுமருந்துக் குப்பியால் விட்டால் எல்லாவற்றுக்குள்ளும் ஊறிப் பிடித்துக்கொள்ளும்.

தப்பிய வீட்டுக்கும் காயம் உண்டு. அதிர்வில் ஓடுகள் கிளம்பியிருக்கும், ஒரு ஜன்னல் கதவு ஒற்றைக் கீலில் தொங்கும். குண்டுச் சிதறல் பட்ட பள்ளங்களைப் பென்சில் முனையால் குத்தி, சுற்றிலும் பூச்சைச் சுரண்டுங்கள். அவை வெடித்த பக்கத்தை நோக்கிய சுவரில் அதிகமாகவும் மறுபக்கத்தில் அநேகமாக இல்லாமலும் இருக்க வேண்டும். தீப்பிடித்த ஜன்னல் என்றால் கரி மேற்பக்கம் படியும், கீழே அல்ல.

தூசி

எல்லாம் முடிந்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். தூசிதான் சமாதானம். தேக்காவில் கிடைக்கும் கோலமாவைக் காவிப்பொடியோடு ஒரு சிட்டிகை கலந்து மென்தூரிகையால் தடவினால் இடிந்த சுண்ணாம்புத் தூசி அப்படியே வரும். கல் மாவாகப் பார்த்து வாங்குங்கள். அரிசிமாவு வாங்கினேன், மூன்றாம் நாள் எறும்புச் சாரி தெருவில் அணிவகுத்தது. சாம்பலுக்கு விபூதி அருமையான நிறம். அம்மா பார்த்துவிட்டார், அதோடு அது முடிந்தது. இப்போது சாக்பீஸும் கரியும் அரைத்துக்கொள்கிறேன். காய்ந்த தேயிலைத் தூள் லோங்காங் ஓரச் சேற்றுக்கு ஆகும்.

ஆட்களைக் குறைவாகவே வையுங்கள். பெட்டியில் வரும் பொதுமக்கள் பொம்மைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். காலைச் சுற்றி டிஷ்யூ தாளை ஒட்டினால் வேட்டியோ சாரோங்கோ ஆகிவிடும், தொப்பியைச் சுரண்டிவிட வேண்டும். பிணங்களை நான் வைப்பதில்லை. இந்த ஊரில் அந்த நாட்களில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அவர்களில் ஒருவர் என் வரவேற்பறைக்கு வரலாம். அஞ்சடியில் ஒரு செருப்பு, கவிழ்ந்த பித்தளைச் செம்பு, பாதி மூடிய கடைப் பலகை இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

வைக்குமிடம்

வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், சாயம் வெளுக்கும். சமையலறைக்கு அருகேயும் வேண்டாம். எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், துடைக்கப் போனால் ஓடு கையோடு வரும். அக்ரிலிக் பெட்டி ஒன்று செய்து மூடி, மூலையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைச் செருகி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அலமாரி நிறைந்துவிட்டதால் என் முதல் தெரு இப்போது பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் புகலிட அறையில்), அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த அறையில் காற்றோட்டம் குறைவு, அதனால் பொட்டலம் இரண்டு.